பிடித்து வைத்த விசை: கனத்த மலைவாகனங்களைத் தூக்குதல், இழுத்தல், உயிர்ப்பித்தல்

சுவிற்சர்லாந்தின் மலைக் கிராமங்களில் பச்சை நிறத்தில், பெட்டிக்குச் சில்லு பூட்டியது போன்ற ஒரு வாகனத்தை இன்றும் காணலாம். பெயர் பின்ஸ்கவர். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஸ்டெயர்-டைம்லர்-புக் நிறுவனம் 1971இல் இதை உற்பத்தி செய்யத் தொடங்கியது. பின்ஸ்கவ் என்பது அந்நாட்டின் ஒரு மலைப்பகுதி. அங்குள்ள மாட்டினத்துக்கும் இதே பெயர்தான். சுவிஸ் இராணுவம் எழுபதுகளிலிருந்தே இவ்வாகனத்தைப் பெருமளவில் பயன்படுத்தியது. சேவையிலிருந்து விலக்கப்பட்டவை தூண் நகரில் நடக்கும் ஏலங்கள் வழியாகத் தனியார் கைக்கு வந்தன. விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் பழைய வண்டிப் பித்துக் கொண்ட இளைஞர்களும் வாங்கினார்கள். அந்த இளைஞர்களில் நம்மவர் பிள்ளைகளும் உண்டு.

பேர்ண் மாநிலத்தில் கராஜ் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இவ்வகை வாகனங்களைப் பற்றி எழுத விரும்புகிறேன். சாதாரணக் காருக்குப் பழகிய கைகள் இவற்றைத் தொடும்போது மூன்று வேலைகளில் ஆபத்து வருகிறது: தூக்குவது, இழுப்பது, இறங்கிய பற்றரிக்கு வேறு வண்டியிலிருந்து மின்சாரம் கொடுத்து இயந்திரத்தை உயிர்ப்பிப்பது. வெவ்வேறு வேலைகள் போலத் தோன்றினாலும் மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே. மூன்றிலும் ஒரு விசையை நாம் பிடித்து வைக்கிறோம். ஜாக்கியின் மேல் நிற்கும் எடை, முறுகிய வடம், பற்றரிக்குள் இருக்கும் மின்சாரம். 'இது கைநழுவினால் எந்தப் பக்கம் பாயும்? அந்தப் பக்கத்தில் யார் நிற்கிறார்?' என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதி விபத்துகள் குறையும்.

தூக்குதல்

தமிழில் 'முட்டுக்கட்டை' என்றால் இடைஞ்சல் என்றே பொருள்கொள்கிறோம். ஆனால் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு அதன் உண்மையான பொருள் தெரியும். வடம் பிடிப்பவர் ஆயிரம் பேர் இருந்தாலும், தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சில்லின் கீழ் கட்டை போடுகிற சிலருடைய வேலை. வாகனத்தைத் தூக்குமுன்னும் முதல் வேலை அதுதான். தரையில் நிற்கப்போகும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கைப்பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

இதற்கொரு காரணம் உண்டு. பழைய லேண்ட் ரோவர்களிலும் டிஃபெண்டரிலும் கைப்பிரேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை. கியர்பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டைப் பிடிக்கிறது. பின்சில்லு ஒன்றைத் தூக்கியதும், அது காற்றில் ஒரு பக்கம் சுழல, தரையில் நிற்கும் மற்றப் பின்சில்லு எதிர்ப்பக்கம் சுழலலாம். டிபரன்ஷலின் இயல்பு அது. கைப்பிரேக் இழுத்தபடியே இருக்க, வண்டி ஜாக்கியிலிருந்து உருண்டு விழும். நடு டிபரன்ஷல் பூட்டு உள்ள வண்டியில் அதைப் போட்டுவிட்டு, கட்டையும் வைக்க வேண்டும்.

பின்ஸ்கவரின் சிக்கல் வேறு. அதன் முதுகெலும்பு நடுவில் ஓடும் ஒரு குழாய்; அதன் இருபுறமும் அரை அச்சுகள் தனித்தனியே சிறகு போல மேலும் கீழும் அசையும். உடலைத் தூக்கினால் சில்லு உடனே எழாது, தொங்கியபடி உள்நோக்கி மடியும். சில்லு தரையை விடுவதற்குள் வண்டியின் பாரம் ஆபத்தான உயரத்துக்குப் போய்விடும். ஆகவே தயாரிப்பாளர் குறித்த இடத்தில், சில்லுக்கு அருகே அச்சின் கீழ் ஜாக்கியை வைப்பதே முறை.

மற்றவை எல்லா வாகனங்களுக்கும் பொது. சில்லு தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். மண்ணிலும் பனியிலும் ஜாக்கியின் கீழ் தடித்த பலகை வேண்டும். வெறும் பின்ஸ்கவர் சுமார் 2 தொன். ஏற்றிய பொருளையும் சேர்த்துக் கணக்கிட்டே ஜாக்கியைத் தேர்ந்தெடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. உடலின் எந்தப் பகுதியையும் கீழே நீட்டுமுன் உறுதியான இரும்புத் தாங்கியில் எடையை இறக்குங்கள். வழியில் தாங்கி இல்லையென்றால் வண்டிக்கு அடியில் புகவே கூடாது. சில்லு மாற்றும்போது மேலதிகச் சில்லைச் சட்டத்தின் கீழ் படுக்க வைப்பது ஒரு இரண்டாம் காவல்.

1905 முதல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் செய்யப்படும் 'ஹை-லிஃப்ட்' எனும் உயரமான ஜாக்கியை மலைவாகனக்காரர் பலர் வைத்திருக்கிறார்கள். மிகப் பயனுள்ள கருவிதான். ஆனால் அதன் நீண்ட கைப்பிடி பாரத்தோடு கையை விட்டு நழுவினால் தாடையை உடைக்கும். கைப்பிடி மேலும் கீழும் போகும் பாதைக்குள் முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். இறக்கும்போது இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

இழுத்தல்

ஓடக்கூடிய நிலையில் தெருவில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்வது ஒன்று. சேற்றிலோ பனியிலோ புதைந்ததை வெளியே எடுப்பது வேறொன்று. முன்னதற்குச் சுவிஸ் போக்குவரத்து விதிகள் தெளிவானவை. இரு வாகனங்களுக்கும் இடையே 8 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. வடம் பிறர் கண்ணுக்குத் தெரியும்படி அடையாளமிடப்பட வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்குள். நெடுஞ்சாலையில் அடுத்த வெளியேற்றத்தில் இறங்கிவிட வேண்டும். இயந்திரம் ஓடாத வண்டியில் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் துணைவிசை கிடைக்காது. இரண்டும் கல்லாக இறுகும். சாவியைத் திருப்பி ஸ்டியரிங் பூட்டை விடுவிக்க மறக்கக் கூடாது. எப்போதும் நான்கு சில்லும் இயங்கும் வண்டியை இரு சில்லைத் தூக்கிக்கொண்டு இழுத்தால் அதன் உள்பாகங்கள் சேதமாகும். கையேட்டைப் பார்த்த பிறகே தொடுங்கள்.

புதைந்ததை எடுப்பதில்தான் உயிராபத்து அதிகம். இராணுவ மீட்பு வேலையில் ஒரு எளிய கணக்கு உண்டு. சில்லளவு புதைந்தால் வண்டியின் எடையளவு விசை வேண்டும். சில்லுமூடி வரை புதைந்தால் இரண்டு மடங்கு. ஓட்டுநர் அறை வரை என்றால் மூன்று மடங்கு. மண்வெட்டியால் அரைமணி நேரம் வெட்டினால் இந்த மடங்கு இறங்கிவிடும் என்பதே இதில் அறிய வேண்டியது. இழுக்குமுன் வெட்டுங்கள்.

பலர் செய்வது என்ன? வடத்தைத் தளர்வாகக் கட்டி, வேகமாக ஓட்டி ஒரு வெட்டு இழுப்பு. 2 தொன் வண்டி மணிக்கு 10 கிலோமீட்டரில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 7,700 ஜூல். 20 கிலோ அரிசி மூட்டையை 39 மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். வேகத்தை 20 ஆக்கினால் ஆற்றல் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. கம்பிவடமோ கொக்கியோ அறுந்தால் இவ்வளவும் ஒரு இரும்புத் துண்டில் ஏறிப் பறக்கும். மீட்புக்கென்றே செய்த நைலோன் வடம் நீண்டு சுருங்கி அதிர்வைத் தாங்கும். ஆனால் நீண்ட வடம் என்பது இழுத்துப் பிடித்த கவண் என்பதை நினைவில் வையுங்கள்.

ட்ரெய்லர் பூட்டும் உருண்டைக் கொக்கியில் மீட்பு வடத்தை மாட்டவே கூடாது. அது ஒடிந்து பறந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. தாங்கும் எடை பொறித்த வளையங்களை, சட்டத்தோடு இணைந்த இழுகொக்கியில் மாட்டுங்கள். வடத்தின் நடுவில் கனத்த கம்பளியையோ ஈரச் சாக்கையோ போட்டால் அறுந்த வடம் நிலத்தில் விழ வாய்ப்புண்டு.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இங்கே எதிரியாகிறது. வண்டி சிக்கினால் சுற்றி நிற்பவர்கள் கூடிவந்து கைகொடுப்போம். நல்ல பழக்கம்தான். ஆனால் இயந்திரம் இழுக்கும்போது மனிதர் நிற்கும் இடமல்ல அது. வட நீளத்தின் ஒன்றரை மடங்குக்கு அப்பால் எல்லோரும் போக வேண்டும். இறுகிய வடத்தை யாரும் தாண்டக் கூடாது. சைகை காட்ட ஒரே ஒருவர் போதும்.

உயிர்ப்பித்தல்

பின்ஸ்கவர் போன்ற இராணுவ வாகனங்களில் மின்னமைப்பு 24 வோல்ட். இரு 12 வோல்ட் பற்றரிகள் தொடராக இணைந்திருக்கும். மூடியைத் திறந்து இரண்டு பற்றரியைக் கண்டதும் 'பெரிய வண்டி, இரண்டு தேவைதான்' என்று நினைத்துச் சாதாரணக் காரின் கேபிளை மாட்டிவிடுகிறார்கள். 24 வோல்ட் பாய்ந்தால் காரின் மின்னணுப் பாகங்கள் கருகலாம், பற்றரியும் வெடிக்கலாம். வேறு சில வண்டிகளில் இரண்டும் பக்கப் பக்கமாக இணைந்து 12 வோல்ட்டே தரும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலிருக்கும். கையேட்டில் பார்க்காமல் கேபிளை எடுக்காதீர்கள். 24 வோல்ட்டுக்கு 24 வோல்ட் லொறியே துணை. அவசரமில்லையெனில், இரு பற்றரிகளையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து, 12 வோல்ட் சார்ஜரில் தனித்தனியே ஏற்றுவது மேல்.

ஒரே வோல்ட் என்று உறுதியான பின் வரிசை இது. சிவப்பு முதலில் இறங்கிய பற்றரியின் நேர்முனையில். மறுமுனை உதவும் பற்றரியின் நேர்முனையில். கறுப்பு உதவும் பற்றரியின் எதிர்முனையில். கடைசி முனை இறங்கிய பற்றரியில் அல்ல, அந்த வண்டி இயந்திரத்தின் வெற்று உலோகத்தில். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பற்றரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். காற்றில் 4 வீதம் கலந்தாலே அது தீப்பற்றும். பொறியும் வாயுவும் சந்திக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. கழற்றுவது நேர் எதிர் வரிசையில்.

குளிர்நாட்டுக்கு ஒரு தனி எச்சரிக்கை. முழுதாக ஏறிய பற்றரி −50 பாகையிலும் உறையாது. முழுதாக இறங்கியதன் நீர்மம் பெரும்பாலும் தண்ணீர். உறைநிலைக்குச் சில பாகைகள் கீழேயே கட்டியாகிவிடும். ஜூரா மலையில் லா பிரவீன் என்றொரு ஊர் உண்டு. 1987 ஜனவரி 12ஆம் நாள் அங்கே −41.8 பாகை பதிவானது. அத்தனை குளிர் தேவையில்லை, சாதாரண ஆல்ப்ஸ் இரவே போதும். பக்கம் வீங்கிய, உள்ளே பனி தெரியும் பற்றரிக்கு ஒருபோதும் மின்சாரம் கொடுக்காதீர்கள். வெடித்து அமிலம் சிதறும். அதைக் கழற்றி மாற்றுவதுதான் வழி.

இன்னொன்று நம்மவருக்கு. தங்கம் மிக நல்ல மின்கடத்தி. பற்றரி முனைக்கும் சட்டத்துக்கும் இடையே மோதிரமோ சங்கிலியோ கைக்கடிகாரமோ பட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து தோலோடு ஒட்டும். வேலைக்கு முன் கழற்றிப் பையில் வையுங்கள். தாலிக்கொடியானால் சட்டைக்குள் இறுக்கிவிட்டுக் குனியுங்கள். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணியுங்கள்.

கடைசியாக ஒரு சட்டக் குறிப்பு. 1991ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி சுவிஸ் காடுகளிலும் காட்டுப் பாதைகளிலும் வனத்துறைத் தேவைகளுக்கு அன்றி மோட்டார் வாகனம் ஓட்டுவது, விதிவிலக்குகள் நீங்கலாகத் தடை. எனவே வண்டி சிக்குவது பெரும்பாலும் பனி மூடிய மேய்ச்சல் நிலப் பாதையிலும் பண்ணை வழியிலுமாக இருக்கும். அங்கே உதவி வர நேரமாகும். புறப்படுமுன் தாங்கி, பலகை, மண்வெட்டி, கம்பளி, தடித்த கேபிள் ஐந்தும் வண்டியில் இருக்கட்டும். யாருக்காவது காயம் என்றால் 144. மலையில் மீட்பு ஹெலிகொப்டருக்கு 1414. வண்டி நாளைக்கும் அங்கேயே நிற்கும். அதை எடுக்கக் காலை வெளிச்சத்தில், உரிய கருவியோடு வருபவரை அழைக்கலாம்.