ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் அதன் துணைப் புரதங்களும்

சூலகத்தில் சுரந்து இரத்தத்தோடு கலந்து உடலெங்கும் உலவும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தன்னிடத்தே பற்றி, உயிரணுவின் உட்கருவில் குறிப்பிட்ட ஜீன்களைத் தூண்டும் புரதமே ஈஸ்ட்ரோஜன் ஏற்பி எனப்படுவது. மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 இவ்வேற்பியை உடையனவாதலின், அந்நோயின் சிகிச்சைச் சரித்திரத்தில் இதற்குத் தனி ஸ்தானம் உண்டு.

ஏற்பி என ஒன்று உண்டென்பதை எவரும் அறியுமுன்பே அதன் காரியம் வெளிப்பட்டுவிட்டது. பால் சுரப்புக்கும் சூலகத்துக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்ந்த கிளாஸ்கோ நகரத்து அறுவை வைத்தியர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுடைய மாதருக்குச் சூலகங்களை நீக்கிப் பார்த்து, புற்று சுருங்கக் கண்ட செய்தியை 1896இல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்டார். ஆயினும் அது சிலருக்கே பலித்தது. எவருக்குப் பலிக்குமென்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லாமையால், ஏனையோர் அறுவையின் துன்பத்தை வீணே அனுபவித்தனர்.

வழி பிறந்தது சிக்காகோவில். டிரிடியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜனால் அடையாளமிட்ட எஸ்ட்ராடியோல் என்னும் ஈஸ்ட்ரோஜனை எலிகளுக்குச் செலுத்திய ஆராய்ச்சியாளர் எல்வுட் ஜென்சன், கருப்பை முதலிய உறுப்புக்கள் அதனை யாதொரு ரசாயன மாற்றமுமின்றி நெடுநேரம் பிடித்து வைத்திருப்பதைக் கண்டார். அதைப் பற்றும் ஏற்பி அங்கே உண்டென்பதற்கு இதுவே சான்று. ஹார்மோன் நொதிகளால் மாறுதலடைந்தே வேலை செய்கிறதென்பது அக்காலத்துப் பண்டிதர்களின் அபிப்பிராயமாகையால், 1958இல் வியன்னா மாநாட்டில் இதைக் கேட்க வந்தோர் ஐவரே. அவருள்ளும் மூவர் அங்கே பேச வந்தவர்கள் என்று ஜென்சனே பின்னாளில் சொல்வதுண்டு. புற்றுத் திசுவில் ஏற்பி உண்டா என்று பரிசோதித்தபின் ஹார்மோன் சிகிச்சையைத் தீர்மானிக்கும் இன்றைய வழக்கம் இக்கண்டுபிடிப்பின் பயனே.

இதற்கிடையே, இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனியில் டோரா ரிச்சர்ட்சன் 1962இல் தயாரித்த டமோக்சிஃபென், கருத்தடை மருந்தாகத் தோற்று, ஈஸ்ட்ரோஜனின் இடத்தைக் கவர்ந்து அதைத் தடுக்கும் புற்று மருந்தாகப் புனர்ஜன்மம் எடுத்தது. மாஞ்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் நடந்த பரிசோதனையின் முடிவுகள் 1971இல் வெளிவந்தன. ஆனால் மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனை எதிர்க்கும் அதே மருந்து, கருப்பையில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்து, அங்கே புற்றுநோய் உண்டாகும் அபாயத்தைச் சற்று உயர்த்தியது. ஏற்பி ஒன்று, மருந்தும் ஒன்று. விளைவு மட்டும் இரண்டு! ஏற்பியை மாத்திரம் ஆராய்ந்தவர்களால் இதை விளக்க முடியவில்லை.

விளக்கம் துணைப் புரதங்களிடம் இருந்தது. வடம் பிடிப்பார் இன்றித் தேர் நகராததுபோல, ஏற்பியும் தனித்து ஜீனை இயக்குவதில்லை. ஹூஸ்டனில் பெர்ட் ஓ'மாலியின் குழுவினர் 1995இல் எஸ்.ஆர்.சி.-1 என்னும் தூண்டு துணைப் புரதத்தை அறிவித்தனர். அதே ஆண்டில், ஹார்மோன் ஏற்பிகளோடு கூடி ஜீன்களை அடக்கிவைக்கும் புரதங்களும் தெரியவந்தன. 1998இல் வெளியான படிக ஆராய்ச்சி, டமோக்சிஃபென் பற்றியவுடன் ஏற்பியின் பன்னிரண்டாம் சுருள் பெயர்ந்து, தூண்டுவோர் வந்து பொருந்தும் பள்ளத்தையே அடைத்துக்கொள்வதைக் காட்டியது. கருப்பை உயிரணுக்களில் எஸ்.ஆர்.சி.-1 மிகுதியாயிருப்பதால் சில ஜீன்களில் அத்தடை வலுவிழக்கிறது என்பது 2002இல் புலப்பட்டது.

இத்தூண்டு துணைப் புரதங்களில் புற்றுநோயோடு மிக நெருங்கிய உறவுடையது ஏ.ஐ.பி.-1. மார்பகப் புற்றுக்கள் சிலவற்றில் இதன் ஜீன் பன்மடங்கு பெருகியிருப்பது 1997இல் அறியப்பட்டது. ஹெர்-2 என்னும் மற்றொரு புரதத்தோடு இதுவும் மிகுந்திருந்த நோயாளருக்கு டமோக்சிஃபென் போதிய பலன் தரவில்லையென்று 2003இல் ஓர் ஆய்வு காட்டிற்று. 2013இல் மேலும் ஒரு தந்திரம் வெளிப்பட்டது: நெடுநாள் ஹார்மோன் சிகிச்சை பெற்றோரின் புற்றுக்களில், ஏற்பியின் ஜீனே திரிந்து, ஹார்மோன் ஒரு துளியுமின்றி, பன்னிரண்டாம் சுருளைத் தூண்டுநிலையிலேயே நிறுத்தித் துணைவர்களை அழைத்துக்கொள்கிறது. இத்தகைய திரிபுடைய புற்றுக்களுக்கென, ஏற்பியையே சிதைக்கும் எலாசெஸ்ட்ரன்ட் மாத்திரைக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி அளிக்கப்பட்டது.