மாஞ்சோலைக் குயிலும் தோபியாவின் மணவறையும்

வில்லியனூரைக் கடந்து மேற்கே செல்லும் சாலையில், நெல்லும் கரும்பும் மாறி மாறி வரும் சிற்றூர் ஒன்றில், ஒரு தவக்கால வெள்ளியன்று சிலுவைப்பாதையை முடித்து நாம் புறப்படும் வேளையில், பன்னிரண்டாம் வகுப்பு பயிலும் பெண் ஒருத்தி தயங்கியபடி அருகில் வந்து நின்றாள். கூட்டம் கலையும் வரை காத்திருந்து கேட்டாள்: "சாமி, போன ஜென்மத்துலயே ஒருத்தருக்குன்னு எழுதி வச்சிருந்தா, இந்த ஜென்மத்துல வேணாம்னு சொல்றது பாவமா?"

மறுபிறவி நம் மறையில் இல்லை என்ற ஞானோபதேச விடையை உடனே கூறினோம். தலையை அசைத்தாள், ஆனால் முகத்திலிருந்த அச்சம் அகலவில்லை. பின்னர் உபதேசியார் வழியாக விவரம் அறிந்தோம். உடன் பயிலும் இளைஞன் ஒருவன் அவளைப் பின்தொடர்கிறான். கைப்பேசியில் தொடர்கதைகள் சிலவற்றை அனுப்பி, அவற்றின் நாயகனும் நாயகியும் நாமே என்கிறான். அக்கதைகளில் சிலவற்றை நாமும் வாசித்துப் பார்த்தோம். சாவில்லாத ஒருவன், அல்லது ஆவியுருவில் அலையும் ஒருவன், தனக்கென்றே பிறந்த பெண்ணைப் பல நூற்றாண்டுகள் தேடி வருகிறான். அவள் மறுக்கிறாள். அம்மறுப்பு அறியாமை என்றும், அவன் விடாமல் தொடர்வது காதல் என்றும் கதை நமக்குக் கற்பிக்கிறது.

இவ்வகைக் கதைகளுக்கு அண்மைக் காலத்தில் உலகெங்கும் வாசகரைத் திரட்டித் தந்தவர் அமெரிக்கப் பெண் எழுத்தாளரான ஸ்டெபனி மேயர். 2005 முதல் 2008 வரை வெளிவந்த அவருடைய 'ட்வைலைட்' நாவல் வரிசையில் இரத்தக் காட்டேரியாகிய இளைஞன் ஒருவனும் ஓநாயாக உருமாறும் இளைஞன் ஒருவனும் ஒரே பெண்ணை விரும்புகின்றனர். நான்காம் நூலில் அந்த ஓநாய் இளைஞன், அப்பெண்ணுக்குப் பிறந்த பச்சிளங் குழந்தையைக் கண்டவுடன் அதுவே தன் வாழ்நாள் துணை என உணர்ந்துகொள்கிறான். குழந்தை வளரும் வரை அண்ணன்போல் காத்திருப்பான் என்று ஆசிரியை சமாதானம் கூறுகிறார். நமக்கு அச்சமாதானம் போதவில்லை.

எனினும் மேல்நாட்டைப் பழித்துவிட்டு அமைவது நேர்மையாகாது. தன் ஆன்மாவின் துணை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை 1822ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் கவிஞர் கோல்ரிட்ஜ் கையாள்வதற்கு மிக முன்பே, முற்பிறவித் துணையைப் பற்றி விரிவாகப் பாடியவர்கள் நாம். அவ்வகையில் தலைசிறந்த ஒன்று இந்தப் புதுவை மண்ணிலேயே பிறந்தது.

பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்தார். அக்காலத்தில் அவர் பாடிய 'குயில் பாட்டு' தன் களத்தைத் தெளிவாகவே குறிக்கிறது: புதுவைக்கு மேற்கே சிறிது தொலைவிலுள்ள மாஞ்சோலை. கருவடிக்குப்பத்தில் சித்தானந்த சுவாமி கோயிலருகே இருந்த தோப்பே அது என்பது ஊர் வழக்கு. மேற்கு என்றதும் நம் உள்ளம் வில்லியனூருக்கே ஓடுகிறது. அங்குள்ள பழம்பெரும் திருக்காமீசுவரர் கோயிலில் அம்மனுக்குக் கோகிலாம்பிகை என்று பெயர். கோகிலம் என்பது குயில். கவிஞர் இதை எண்ணினாரோ இல்லையோ, மாமரமும் குயிலும் இவ்வட்டாரத்திற்கு அந்நியமானவையல்ல.

கதையை மாணவப் பருவத்தில் படித்தவர்கள்கூட அதன் பிற்பகுதியை மறந்துவிடுகின்றனர். சோலையில் குயில் காதலைப் பாடுகிறது. கேட்ட கவிஞர் மயங்குகிறார். நான்காம் நாள் வருமாறு குயில் சொல்கிறது. இடையில் பொறுக்காமல் வந்து பார்த்தால், அது குரங்கிடமும் பின்னர் எருதிடமும் அதே காதலைப் பாடிக்கொண்டிருக்கிறது! நான்காம் நாள் குயில் தன் முற்பிறவியைச் சொல்கிறது. சேர நாட்டு வேடர் தலைவனின் மகளாக அவள் பிறந்திருந்தாள். பெயர் சின்னக் குயிலி. மாமன் மகன் மாடன் அவளை விரும்பினான். அவன்மேல் இரக்கம் கொண்டு மணப்பதாக வாக்களித்தாள். தந்தையோ நெட்டைக் குரங்கன் என்பவனுக்கு மணம் பேசி முடித்தான். அப்போது வேட்டைக்கு வந்த சேர இளவரசனிடம் அவள் மனம் சென்றது. இருவரும் கூடியிருந்த வேளையில் மாடனும் குரங்கனும் இளவரசனை வாளால் வெட்ட, அவனும் அவர்களை வீழ்த்திவிட்டு, மறுபிறவியில் சேர்வோம் என்று கூறி அவள் மடியில் உயிர்விட்டான். இறந்த இருவரும் பேயாகி, அடுத்த பிறவியிலும் அவளைப் பற்றிக்கொண்டு பறவையாக்கி, குரங்காகவும் எருதாகவும் தோன்றிக் குழப்புகின்றனர்.

இங்கே சற்று நிற்க வேண்டும். பிறவி கடந்து தொடர்வது இளவரசனின் அன்பு மட்டுமா? மாடனின் வெறியும் குரங்கனின் வெறியும் அதே பிறவிப் பாலத்தைக் கடந்துதான் வருகின்றன. மூவருமே அவள் தன்னுடையவள் என்கின்றனர். மாடனுக்கு மாமன் மகன் என்ற முறை. குரங்கனுக்கு அவள் தந்தை கொடுத்த வாக்கு. அவள் தானே விரும்பியவன் ஒருவனே. காதல் உரிமையாக மாறும்போது அதற்குப் பேயுருவம் வருகிறது என்பதைப் பாரதியார் உரைநடையில் எழுதியிருந்தால் இத்தனை கூர்மையாகச் சொல்லியிருக்க முடியாது. இறுதியில் குயில் பெண்ணாகிறாள், மறைகிறாள். கவிஞர் தம் பழஞ்சுவடிகளுக்கிடையே விழித்துக்கொண்டு, எல்லாம் கற்பனை என்று காண்கிறார். 1963இல் வந்த ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' போன்ற மறுபிறவிப் படங்களில் இவ்விழிப்பைத் தேடிப் பயனில்லை.

பழைய இலக்கியம் இதைவிட நுட்பமானது. தலைவனும் தலைவியும் முதன்முதல் எதிர்ப்படுவது பால் என்னும் ஊழின் ஆணையால் என்கிறது தொல்காப்பியக் களவியல். ஊழின் வேலை சந்திக்க வைப்பதுடன் முடிகிறது. அதே இலக்கணம் கற்பியலில், பொய்யும் தவறும் தோன்றிய பிறகே பெரியோர் மணச் சடங்கை வகுத்தனர் என்றும் சொல்லிவிடுகிறது. 'நீயே என் ஊழ்' என்று காட்டில் கூறியவன், ஊருக்குள் வந்தபின் 'நீ யார்' என்று கேட்டிருக்கிறான் என்பதுதானே இதன் பொருள்?

குறுந்தொகையில் அம்மூவனார் பாடிய நெய்தற் பாட்டு ஒன்றுண்டு. அடுத்த பிறவியிலும் நீயே என் கணவனாக வேண்டும் என்கிறாள் தலைவி. நம் திருமண அழைப்பிதழ்களில் இக்கருத்தை அச்சிட்டு மகிழ்கிறோம். பரத்தையிடம் சென்று திரும்பிய கணவனிடம் அவள் கூறியது அது என்று பாட்டின் பழங்குறிப்பு தெரிவிக்கிறது. அதை அச்சிடுவோர் அறிவார்களோ, தெரியவில்லை. அவள் கூற்று வேண்டுதல். முற்பிறவியைக் காட்டி அவள் எதையும் கேட்கவில்லை. வரும் பிறவியை நோக்கிக் கையேந்துகிறாள். முன்னோக்கிய வேண்டுதலாக இருந்த இந்தப் பிறவித் தொடர்பு, பின்னோக்கிய உரிமைப் பத்திரமாக மாறியது எப்போது என்பதே நம் வினா.

மணிமேகலைக் காப்பியத்தில் அந்த மாற்றத்தின் விளிம்பைக் காண்கிறோம். மணிபல்லவத்தில் மணிமேகலை தன் முற்பிறப்பை அறிகிறாள். அப்பிறப்பில் அவள் இலக்குமி. கணவன் இராகுலன் நச்சுப் பாம்பால் மாண்டபோது தீயில் புகுந்தவள். அவனே இப்போது சோழ இளவரசன் உதயகுமரனாகப் பிறந்து அவளைத் துரத்துகிறான். ஊழ் கூட்டிய துணை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தெய்வமே சாட்சி சொல்கிறது. அவள் நெஞ்சமும் அவன்பால் செல்கிறது. ஆயினும் மறுக்கிறாள், அமுதசுரபியை ஏந்திப் பசித்தவர்களிடம் செல்கிறாள். அவன் காஞ்சனன் வாளால் வெட்டுண்டு கிடக்கும்போது அவள் அழுவதை மறைக்காமல் காட்டுகிறார் சாத்தனார். மறுப்பதற்கு வெறுப்பு தேவையில்லை. பௌத்தக் காப்பியமாயினும், நம் கன்னியர் மடங்களில் இதை வாசிக்கலாம் என்பது நம் கருத்து.

இனி நம் வீட்டுக்கு வருவோம். விதித்த துணை என்ற எண்ணம் விவிலியத்திலும் உண்டு, பேயும் உண்டு. தோபித்து நூலில் சாரா என்னும் பெண்ணுக்கு எழுவர் மணமகன்களாக வந்தனர். எழுவரையும் முதலிரவிலேயே அசுமதேயு என்னும் பேய் கொன்றது. பணிப்பெண் பழித்தபோது சாரா தூக்கிட்டுக்கொள்ள எண்ணுகிறாள். தந்தைக்கு நேரும் அவமானத்தை நினைத்து நிறுத்திக்கொண்டு இறைவனை வேண்டுகிறாள். வழித்துணையாக வந்த வானதூதர் இரபேல் இளைஞன் தோபியாவிடம், உலகம் உண்டாகுமுன்பே இவள் உனக்கென்று குறிக்கப்பட்டவள் என்கிறார். கேட்ட மாத்திரத்தில், முகம் காணுமுன்பே, அவன் காதல் கொள்கிறான்.

இதுவரை தொடர்கதைதான். அதன்பின் நூல் வேறு திசையில் செல்கிறது. பெண்ணின் தந்தை இரகுவேல் எழுவர் மாண்ட செய்தியை மாப்பிள்ளையிடம் ஒளிக்காமல் உரைக்கிறார். ஏடு கொண்டுவரச் சொல்லி ஒப்பந்தம் எழுதுகிறார். இரவில், எதற்கும் இருக்கட்டுமென்று, புதைகுழியும் வெட்டி வைக்கிறார்! மணவறையில் தோபியா அவளை நெருங்குமுன், எழுந்திரு, மன்றாடுவோம் என்கிறான். வானதூதரின் வாக்கை அவளிடம் உரிமையாக நீட்டவில்லை. இலத்தீன் வுல்காத்தா விவிலியம் மூன்று இரவுகள் செபத்தில் கழிந்ததாகச் சொல்ல, அதைப் பின்பற்றும் வழக்கமே ஐரோப்பாவின் சில பகுதிகளில் நிலவியது.

சாராவின் சம்மதத்தை யாரும் கேட்டதாக நூலில் இல்லை. இதை மறைப்பானேன்? அவ்விடத்தை அடையத் திருச்சபைக்கும் காலம் பிடித்தது. 866இல் பல்கேரியருக்கு எழுதிய மறுமொழியில் திருத்தந்தை முதலாம் நிக்கோலாசு, மற்றச் சடங்குகள் யாவும் இருந்தும் சம்மதம் இல்லையெனில் பயனில்லை என்ற கருத்தை உரைத்தார். ஆனால் சம்மதம் மட்டும் போதும் என்றதும் களவு மணங்கள் பெருகின. இரகசியத்தில் வாக்களித்தவன் வெளியரங்கமாக வேறொருத்தியை மணந்தான். முதல்வளுக்குச் சாட்சி இல்லை. தொல்காப்பியம் கண்ட அதே பொய், அதே தவறு! 1215இல் இலாத்தரன் நான்காம் பொதுச்சங்கம் ஓலை வாசிக்கும் வழக்கத்தைக் கட்டளையாக்கியது. 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம் பங்குக் குருவும் குறைந்தது இரு சாட்சிகளும் முன்னிற்க வேண்டுமென விதித்தது. பெற்றோர் ஒப்பாத திருமணம் செல்லாது என அறிவிக்கும்படி பிரெஞ்சு அரசு வற்புறுத்தியபோதோ, சங்கம் இணங்கவில்லை. இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 1057ஆம் விதி, இருவரின் சம்மதமே திருமணத்தை ஆக்குகிறது, வேறெந்த மனித ஆற்றலும் அதற்கு ஈடாகாது என்கிறது. முற்பிறவி ஈடாகாது; முறையும் ஈடாகாது.

முறை என்பதை அழுத்திச் சொல்லக் காரணமுண்டு. நம் கிராமங்களில் காட்டேரியும் ஓநாயும் இல்லை. ஆனால் தொட்டிலில் கிடக்கும்போதே 'உன் அத்தை மகனுக்குத்தான் நீ' என்று பேசி முடிக்கப்பட்ட பெண்கள் உண்டு. பாகூர்ப் பக்கத்திலும் வில்லியனூர்ப் பக்கத்திலும், நெருங்கிய உறவில் மணம் செய்ய விதிவிலக்குக் கேட்டு வரும் குடும்பங்களைக் குருக்கள் நன்கறிவர். பெண்ணைத் தனியே அழைத்து விசாரிக்கும்போது, 'சின்ன வயசுலேருந்தே அப்படித்தான் சாமி' என்பதே விடையாக வரும். அது சம்மதமா, பழக்கமா என்று பிரித்தறிவது எளிதன்று. அந்த இளைஞனின் தொடர்கதையைக் கடிந்துகொள்ளும் பெற்றோர், தாம் எழுதும் தொடர்கதையை வாசித்துப் பார்ப்பதில்லை. கல்விச்சாலைக்கென்று மூன்று ஊர்களைக் கொடையளித்த பல்லவச் செப்பேடு கிடைத்த ஊர் பாகூர். அவ்வட்டாரப் பிள்ளைகளின் படிப்பு இன்றும் முறைமாப்பிள்ளைக்காக நின்றுவிடுகிறது.

பாஸ்காக் காலத்தில், வில்லியனூர் லூர்து அன்னை திருத்தல விழாவில் அந்தப் பெண்ணை மீண்டும் கண்டோம். குளத்தின் படிக்கட்டில் தோழியருடன் அமர்ந்திருந்தாள். ஞானோபதேச விடையைத் தவிர வேறொன்றும் அவளுக்குத் தராத குற்றவுணர்வு நமக்கு இருந்தது. தோபித்து நூலைச் சுருக்கமாகச் சொன்னோம். அவன் தொடர்ந்தால் வீட்டிலும் பள்ளியிலும் சொல்லத் தயங்க வேண்டாம், நாமும் உடன் வருவோம் என்றோம். அவள் கதையிலேயே நின்றாள்.

"அந்தச் சாரா ஒண்ணுமே சொல்லலையா சாமி?"

மணவறைச் செபத்தின் முடிவில் இருவரும் சேர்ந்து 'ஆமென்' என்கிறார்கள் என்றோம். சிறிது யோசித்தாள்.

"அப்ப நான் சொல்லலேன்னா?"

சொல்லாவிட்டால் திருமணமே இல்லை என்றோம். தோழியர் அழைக்க, எழுந்து குளத்து நீரில் கைநனைத்து நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு போனாள்.