அரங்கம் முதலில், அணி பின்னர்: ஓக்லஹோமா சிட்டியின் முப்பதாண்டு முயற்சி (1993–2023)

முன்னுரை

அமெரிக்காவில் தொழில்முறை விளையாட்டு அணி ஒரு தனியார் சொத்து. அதை விற்கலாம், வாங்கலாம், ஓர் ஊரிலிருந்து பெயர்த்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அந்த அணி ஆடும் அரங்கம் பெரும்பாலும் ஊர் மக்களின் வரிப்பணத்தில்தான் எழுகிறது. அணிகளின் எண்ணிக்கையை லீக்குகள் அளவோடு வைத்திருப்பதால், அணியை விரும்பும் நகரங்கள் எப்போதும் அணிகளைவிட அதிகமாக இருக்கின்றன. இந்தப் பற்றாக்குறை நகரங்களை ஒன்றோடொன்று போட்டியிட வைக்கிறது.

இப்போட்டியில் இறங்கி வென்ற நகரங்களுள் ஓக்லஹோமா சிட்டியின் வரலாறு தனித்து ஆராயத்தக்கது. 1993இல் அணி எதுவும் கையில் இல்லாதபோதே அரங்கம் கட்ட அந்நகரம் வாக்களித்தது. 2008இல் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் அணி ஒன்று அங்கே வந்து நிலைத்தது. 2023இல் அதே அணியைத் தக்கவைத்துக்கொள்ள முதல் அரங்கைப் போலப் பத்து மடங்கு விலையுள்ள புதிய அரங்குக்கு மக்கள் ஒப்புதல் தந்தனர். அரங்கம்தான் அணியைக் கொண்டுவந்ததா, அதற்கு நகரம் கொடுத்த விலை எப்படி மாறியது என்ற இரு கேள்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

வீழ்ச்சியும் ஒரு தோல்வியும்

1889 ஏப்ரல் 22 அன்று, குடியேறுவோர் ஓடிச்சென்று நிலத்தைப் பிடித்துக்கொண்ட நில ஓட்டத்தில் ஒரே நாளில் உருவான நகரம் ஓக்லஹோமா சிட்டி. 1928இல் அங்கே எண்ணெய் கிடைத்தது. அதன்பின் நகரத்தின் ஏற்றமும் இறக்கமும் எண்ணெய் விலையோடு பிணைந்தன. 1982இல் நகரின் பென் ஸ்குவேர் வங்கி திவாலானபோது அதன் அதிர்ச்சி நாட்டின் பெரிய வங்கிகள் வரை பரவியது. எண்பதுகளின் நடுவில் எண்ணெய் விலையும் சரிந்தது. அதற்கு முன்பே, கட்டடக் கலைஞர் ஐ.எம். பெய் வகுத்த நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தின் பேரில் நகர மையத்தின் பழைய கட்டடங்கள் பல இடிக்கப்பட்டிருந்தன. இடித்த இடங்களில் வரவேண்டியவை முழுமையாக வரவில்லை. மாலையானால் ஆளரவமற்றுப்போகும் நகர மையமே எஞ்சியது.

1991இல் யுனைட்டட் ஏர்லைன்ஸ் ஒரு பெரிய விமானப் பராமரிப்பு நிலையத்துக்கு இடம் தேடியது. ஓக்லஹோமா சிட்டி பெரும் சலுகைகளை முன்வைத்தது. அதற்கான வரிக்கு வாக்காளர்களும் இசைந்தார்கள். ஆனாலும் நிறுவனம் இண்டியானாபொலிஸ் நகரைத் தேர்ந்தது. தம் ஊழியர்கள் வந்து வாழ விரும்பும் ஊராக ஓக்லஹோமா சிட்டி இல்லை என்று நிறுவனம் கருதியதாக அறிந்த மேயர் ரான் நாரிக், பணச்சலுகையால் மட்டும் ஊர் உயராது என்ற முடிவுக்கு வந்தார். இந்நிகழ்ச்சியே திருப்புமுனை என்று நகர வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

இண்டியானாபொலிஸ் அப்போது விளையாட்டை முன்வைத்தே தன் நகர மையத்தைப் புதுப்பித்து வந்தது. அங்கே 1974இல் மார்க்கெட் ஸ்குவேர் அரீனா திறக்கப்பட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில், கையில் அமெரிக்கக் கால்பந்து அணி இல்லாமலே ஹூசியர் டோம் அரங்கம் கட்டப்பட்டது. 1984இல் பால்டிமோரிலிருந்து கோல்ட்ஸ் அணி அதற்கு வந்தது. அரங்கம் முதலில், அணி பின்னர் என்ற வழிக்கு அதுவே கண்முன் இருந்த சான்று.

1993: ஒன்பதில் ஒன்று

நாரிக்கின் திட்டத்துக்கு மெட்ரோபாலிட்டன் ஏரியா ப்ராஜெக்ட்ஸ் என்று பெயர், சுருக்கமாக மேப்ஸ். பேஸ்பால் மைதானம், பிரிக்டவுன் பகுதியில் ஒரு கால்வாய், உள்விளையாட்டரங்கம், நூலகம், மாநாட்டு மையத்தின் சீரமைப்பு, இசை மன்றத்தின் புதுப்பிப்பு, பொருட்காட்சித் திடலின் மேம்பாடு, வறண்டுகிடந்த நார்த் கனேடியன் ஆற்றில் நீர் தேக்குதல், நகரப் போக்குவரத்து வண்டிகள் என ஒன்பது பணிகள் அதில் அடங்கின. டாலருக்கு ஒரு சென்ட் வீதம் ஐந்தாண்டுகளுக்கு மட்டும் விற்பனை வரி. கடன் பத்திரம் கிடையாது. வரி சேரச் சேரக் கட்ட வேண்டும். ஒன்பது பணிகளுக்கும் ஒரே வாக்கு: ஏற்றால் எல்லாம், மறுத்தால் எதுவும் இல்லை. செலவைக் கண்காணிக்கக் குடிமக்கள் மேற்பார்வைக் குழுவும் அமைந்தது. 1993 டிசம்பர் 14 அன்று 54 விழுக்காட்டினர் ஆதரவாக வாக்களித்தனர்.

இந்த அமைப்பில் மூன்று கூறுகள் முக்கியமானவை. முதலாவது, அரங்கம் தனித்து நிற்கவில்லை. விளையாட்டில் நாட்டமில்லாதவருக்கு நூலகம் இருந்தது, இசை மன்றம் இருந்தது. இரண்டாவது, வரிக்கு முடிவு நாள் இருந்தது. மூன்றாவது, கட்டி முடித்தபின் நகரத்தின் தலையில் கடன் இல்லை.

திட்டம் தடையின்றி நடந்துவிடவில்லை. 1995 ஏப்ரல் 19 அன்று நகர மையத்தில் இருந்த ஆல்ஃபிரட் பி. முர்ரா கூட்டாட்சிக் கட்டடத்தில் வெடித்த குண்டு 168 உயிர்களைக் குடித்தது. மேப்ஸ் பணிகளின் செலவும் மதிப்பீட்டைத் தாண்டியது. 1998இல் வரியை ஆறு மாதம் நீட்டிக்கும்படி நகரம் மீண்டும் மக்களிடம் போயிற்று. அதற்குள் பேஸ்பால் மைதானம் திறக்கப்பட்டுவிட்டதால், தங்கள் பணம் என்னவாயிற்று என்பதை மக்கள் கண்ணால் பார்த்திருந்தனர். நீட்டிப்புக்கும் இசைந்தனர்.

அணியில்லாத அரங்கம்

அரங்கம் கட்டும் முடிவு மட்டும் அணியைக் கொண்டுவந்துவிடவில்லை. பனி ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல். விரிவாக்கத்தில் இடம்பெற ஓக்லஹோமா சிட்டி விண்ணப்பித்தது. 1997இல் லீக் நாஷ்வில், அட்லாண்டா, கொலம்பஸ், மினசோட்டா ஆகிய நான்கையும் தேர்ந்து, இந்நகரை விட்டுவிட்டது.

ஃபோர்ட் சென்டர் என்ற பெயரில் அரங்கம் 2002 ஜூனில் திறக்கப்பட்டது. செலவு 8.92 கோடி டாலர். முந்தைய ஆண்டு தெற்கே டல்லஸில் திறந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சென்டருக்கு ஏறத்தாழ 42 கோடி டாலர் ஆனது. ஓக்லஹோமா சிட்டி ஆடம்பரங்களைக் குறைத்து, ஏறத்தாழ 19,000 பேர் அமரும் எலும்புக்கூட்டைச் சரியாக எழுப்பியது. அணி வந்தால் மெருகேற்றிக்கொள்ளலாம் என்பது கணக்கு. முதல் மூன்று ஆண்டுகள் இசை நிகழ்ச்சிகளும் இரண்டாம் நிலை ஹாக்கி ஆட்டங்களுமே அரங்கை நிரப்பின.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸைச் சிதைத்தது. அந்நகரின் ஹார்னெட்ஸ் அணிக்கு ஆட இடமில்லை. பருவம் தொடங்க இரண்டே மாதம் இருந்தது. மேயர் மிக் கார்னெட் என்.பி.ஏ. ஆணையர் டேவிட் ஸ்டெர்னிடம் முன்பே தொடர்பு வைத்திருந்தார். ஆயத்தமாக ஓர் அரங்கமும், அதை வேறெந்தப் பெரிய அணியும் பயன்படுத்தாத நிலையும் சேர்ந்து ஓக்லஹோமா சிட்டிக்கு வாய்ப்பைத் தந்தன. அணிக்குக் குறைந்தபட்ச வருவாய் உறுதியளிக்கப்பட்டது. நவம்பர் 1 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் ஹார்னெட்ஸ், சாக்ரமென்டோ கிங்ஸை 93–67 என வென்றது. அப்பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 18,000க்கும் மேற்பட்டோர் வந்தனர். சிறிய சந்தை என்று ஒதுக்கப்பட்ட ஊர் ஒரு முழு அணியைத் தாங்கும் என்பதற்கு லீக்கின் கைவசம் இப்போது சான்று இருந்தது. இரண்டு பருவங்களுக்குப் பின் ஹார்னெட்ஸ் தன் ஊருக்குத் திரும்பியது. அது நியாயமான திரும்புதல்.

சியாட்டிலின் மறுப்பு

அடுத்த வாய்ப்பு இன்னொரு நகரத்தின் மறுப்பிலிருந்து வந்தது. சியாட்டிலின் கீஅரீனா 1995இல்தான் பெரும் செலவில் புதுப்பிக்கப்பட்டிருந்தது. பத்தாண்டுகளுக்குள் அது போதாது என்றார் சூப்பர்சானிக்ஸ் உரிமையாளர் ஹோவர்ட் ஷூல்ட்ஸ். பேஸ்பாலுக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் அண்மையில்தான் இரு மைதானங்களைப் பொதுப்பணத்தில் கட்டியிருந்த அம்மாநிலம் மீண்டும் பணம் தர இசையவில்லை. 2006 ஜூலையில் ஷூல்ட்ஸ் தரப்பு, அணியை 35 கோடி டாலருக்கு ஓக்லஹோமா சிட்டித் தொழிலதிபர் கிளே பென்னெட் தலைமையிலான குழுவுக்கு விற்றது.

அதே ஆண்டு நவம்பரில் சியாட்டில் வாக்காளர்கள் முன்மொழிவு 91ஐப் பெரும்பான்மையோடு நிறைவேற்றினர். விளையாட்டு அரங்குகளில் நகரம் போடும் பணம் கருவூலப் பத்திரங்களுக்கு நிகரான வருவாயை ஈட்டித்தர வேண்டும் என்பது அதன் சாரம். புறநகரான ரென்டனில் 50 கோடி டாலர் அரங்கம் கட்டும் புதிய உரிமையாளர்களின் யோசனையும் 2007இல் சட்டமன்றத்தில் எடுபடவில்லை. உரிமையாளர் குழுவைச் சேர்ந்த ஆப்ரி மெக்லெண்டன், அணியைச் சியாட்டிலில் வைத்திருக்கும் எண்ணத்தோடு தாங்கள் வாங்கவில்லை என்று அவ்வாண்டு வெளிப்படையாகச் சொன்னார். லீக் அவருக்கு 2.5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. உள்ளூர் ரசிகர்களின் ஐயம் பொய்யில்லை என்பதை அந்தச் சொற்களே மெய்ப்பித்தன.

2008 மார்ச் 4 அன்று ஓக்லஹோமா சிட்டி வாக்காளர்களில் 62 விழுக்காட்டினர், அரங்கை மேம்படுத்தவும் பயிற்சிக்கூடம் கட்டவும் 12.16 கோடி டாலர் அளவிலான தற்காலிக வரிக்கு இசைந்தனர். ஏப்ரலில் லீக்கின் அணி உரிமையாளர்கள் 28–2 என இடமாற்றத்தை ஏற்றனர். டல்லஸும் போர்ட்லாந்தும் மட்டும் எதிர்த்தன. 2010 வரை நீடித்த கீஅரீனா குத்தகையைக் காட்டிச் சியாட்டில் தொடுத்த வழக்கு, ஜூலை 2 அன்று 4.5 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. சூப்பர்சானிக்ஸ் என்ற பெயரும் நிறங்களும் சியாட்டிலுக்கு; வீரர்களும் அணி உரிமையும் ஓக்லஹோமா சிட்டிக்கு. 41 ஆண்டு வரலாறும் 1979இன் சாம்பியன் பட்டமும் கொண்ட அணி, தண்டர் என்ற புதுப் பெயரில் ஆடத் தொடங்கியது.

பயன் பற்றிய விவாதம்

2012இல் தண்டர் இறுதிச்சுற்றை எட்டியது. 2025 ஜூனில் இண்டியானா பேசர்ஸை ஏழு ஆட்டங்களில் 4–3 என வென்று பட்டம் பெற்றது. நகர மக்கள்தொகை 1990இல் ஏறத்தாழ 4.45 லட்சம், 2020இல் 6.81 லட்சம். இவ்வளர்ச்சியை அரங்கின் கணக்கில் எழுதுவோர் உண்டு.

பொருளியல் ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. ராஜர் நோல், ஆண்ட்ரூ ஜிம்பலிஸ்ட் தொகுத்து 1997இல் புரூக்கிங்ஸ் வெளியிட்ட நூலும், அதன்பின் வந்த பெரும்பாலான ஆய்வுகளும், அரங்குகளுக்கான பொது மானியம் உள்ளூர் வருமானத்தையும் வேலைவாய்ப்பையும் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்துவதில்லை என்றே காட்டுகின்றன. ஆட்டச் சீட்டுக்குச் செலவழித்த குடும்பம் அந்த மாதம் திரையரங்கிலோ உணவகத்திலோ குறைவாகச் செலவழிக்கிறது. பணம் இடம் மாறுகிறதே ஒழியப் பெருகுவதில்லை. வீரர்களின் பெருஞ்சம்பளமும் பெரும்பாலும் உள்ளூரில் செலவாவதில்லை.

அரங்கம் கட்டினால் அணி வரும் என்ற நம்பிக்கைக்கும் எதிர்ச்சான்று இருக்கிறது. கன்சாஸ் சிட்டி 2007இல் 27.6 கோடி டாலரில் ஸ்பிரிண்ட் சென்டரைத் திறந்தது. அதில் என்.பி.ஏ. அணியோ என்.ஹெச்.எல். அணியோ குடியேறவில்லை, இசை நிகழ்ச்சிகளால்தான் அது நடக்கிறது. ஓக்லஹோமா சிட்டிக்குக் கிடைத்த புயலும், ஊர்ப் பற்றுள்ள செல்வந்தர் குழுவும், வேறொரு நகரத்தின் மறுப்பும் கன்சாஸ் சிட்டிக்கு வாய்க்கவில்லை. ஆக, அரங்கம் அணி வருவதற்கான முன்தேவை. அதுவே காரணம் ஆகாது.

எனினும் மேப்ஸ் வீண் என்று சொல்லிவிட முடியாது. 2001இல் பள்ளிகளுக்கான மேப்ஸ் ஃபார் கிட்ஸ், 2009இல் 77.7 கோடி டாலரில் பூங்காவும் டிராமும் தந்த மேப்ஸ் 3, 2019இல் மேப்ஸ் 4 என அதே முறையில் வாக்காளர்கள் தொடர்ந்து ஒப்புதல் தந்தார்கள். சொன்னதைக் கட்டி முடித்ததால் நகராட்சிமேல் பிறந்த நம்பிக்கைதான் 1993இன் பெரும் ஈட்டம்.

2023: தலைகீழான பேரம்

2023 டிசம்பர் 12 அன்று, மேயர் டேவிட் ஹோல்ட் முன்வைத்த புதிய அரங்குக்கு 71 விழுக்காட்டினர் வாக்களித்தனர். செலவு குறைந்தது 90 கோடி டாலர். ஒரு சென்ட் வரி ஆறு ஆண்டுகளுக்கு. அணி உரிமையாளர்களின் பங்கு 5 கோடி டாலர். பதிலாக, புதிய அரங்கம் திறந்த நாளிலிருந்து 25 ஆண்டுகள் அணி நகரில் இருக்கும் என்பது உறுதிமொழி.

வரிக்கு முடிவு நாள் இருக்கிறது, மக்கள் வாக்கு இருக்கிறது. அந்த மட்டில் மேப்ஸ் மரபு தொடர்கிறது. ஆனால் 1993இல் அரங்கம் ஒன்பது பணிகளில் ஒன்று. 2023இல் அது ஒன்றே பணி. அன்று நகரம் தனக்காகக் கட்டியது, அணி வந்தது கூடுதல் பேறு. இன்று அணி போய்விடுமோ என்ற அச்சம் பேரத்தை நடத்துகிறது. 2008இல் சியாட்டில் நின்ற இடத்தில் 2023இல் ஓக்லஹோமா சிட்டி நின்றது. சியாட்டிலைப் போல மறுக்க அதற்கு மனம் வரவில்லை. மறுத்த சியாட்டிலில் பின்னர் அதே அரங்கம் பெரும்பாலும் தனியார் முதலீட்டில், 100 கோடி டாலருக்கும் மேற்பட்ட செலவில் முற்றிலும் புதுப்பிக்கப்பட்டு 2021இல் திறந்தது என்பதும், ஹாக்கி அணி ஒன்று அங்கே வந்தது என்பதும் இந்த ஒப்பீட்டில் சேர வேண்டியவை.

முடிவுரை

ஓக்லஹோமா சிட்டியிடம் பிற நகரங்கள் கற்க வேண்டியது அரங்கம் கட்டுவதை அன்று, கட்டிய முறையை. மக்களிடம் நேரே வாக்குக் கேட்டது, வரிக்கு முடிவு நாள் வைத்தது, கடனில்லாமல் கட்டியது, நூலகத்தையும் ஆற்றையும் அரங்கோடு ஒரே தட்டில் வைத்தது ஆகிய நான்கும் எந்த ஊருக்கும் பொருந்தும். புயலும் இன்னொரு நகரத்தின் இழப்பும் எந்த ஊரும் திட்டமிடக்கூடியவை அல்ல. 90 கோடி டாலர் அரங்கில் உரிமையாளர் பங்கு 5 கோடி என்பது நேர்மையான பங்கீடு இல்லை. அணியின் மதிப்பு உயரும்போது லாபம் உரிமையாளரைச் சேர்கிறது. அரங்கின் சுமை மக்களோடு நிற்கிறது. இனி அணி தேடும் எந்த நகரமும் அரங்கச் செலவில் உரிமையாளரின் பங்கை முதலில் பேசி முடித்த பிறகே வாக்குச்சீட்டை மக்கள் கையில் கொடுக்க வேண்டும்.