குட்டீஸ்களுக்கு டீச்சர் ஆகணுமா? ஃபீஸ் கட்டும் முன் இதைப் படிங்க!

"ப்ளஸ் டூ முடிச்சிட்டு சும்மாதான இருக்க... மாண்டிசோரி படிச்சா டீச்சராயிரலாம்லா!"

குற்றாலத்தில் சாரல் ஆரம்பிக்கும் ஜூன் மாசம்தான் அட்மிஷன் சீஸனும். தென்காசிப் பக்கம் பல வீடுகளில் அத்தையோ சித்தியோ இந்த அட்வைஸைச் சொல்லியிருப்பாங்க. அட்வைஸ் நல்லதுதான். ஆனா, 'டீச்சர் டிரெயினிங்' என்ற ஒரே பேரில் பல படிப்புகள் இருக்கு. ஒவ்வொண்ணும் வேற வேற வேலைக்கானது. தெரியாமல் சேர்ந்தால் பணம் மட்டுமல்ல, ரெண்டு வருஷமும் போயிடும்.

இது 'பாப்பா பாத்துக்கிற' வேலை இல்ல!

பேச்சு, எண்ணிக்கை, மத்தவங்களோட பழகுறது என எல்லாத்துக்கும் அடித்தளம் விழுவது 3 முதல் 6 வயதில். அதனால்தான் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஐ.சி.டி.எஸ் திட்டத்தில் சத்துணவோடு முன்பருவக் கல்வியும் சேர்ந்தது. இன்று தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேல் அங்கன்வாடிகள் இருக்கு. ஆலங்குளம், கடையம் பக்கம் பீடி சுற்றும் அம்மாக்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அதுதான் முதல் பள்ளிக்கூடம்.

எந்தப் படிப்பு, எந்த வேலைக்கு?

டி.பி.எஸ்.இ: முன்பருவக் கல்விக்கான 2 வருஷ டிப்ளமா. எல்.கே.ஜி, யு.கே.ஜி வகுப்புகளுக்கானது.

டி.எல்.எட்: ப்ளஸ் டூ-வில் பொதுவாக 50% மார்க் வேணும். 2 வருஷம். 1 முதல் 5-ம் வகுப்பு வரை பாடம் எடுக்கலாம். 'டெட்' முதல் தாளும் பாஸ் பண்ணணும். திருநெல்வேலி மாவட்டம் முனைஞ்சிப்பட்டியில் அரசு பயிற்சி நிறுவனம் இருக்கு.

பி.எட்: 'டிகிரி முடிச்சு பி.எட் போட்டா சின்னப் பிள்ளைகளுக்கும் எடுக்கலாம்' என்ற நினைப்பை விட்டுடுங்க. 1 முதல் 5-ம் வகுப்பு ஆசிரியர் பணிக்கு பி.எட் தகுதி ஆகாதுன்னு 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

இக்னோ டிப்ளமா: குழந்தைப் பராமரிப்பு, கல்வி பற்றிய தொலைதூரப் படிப்பு. ப்ளஸ் டூ போதும்.

மாண்டிசோரி: இது ஒரு கற்பித்தல் முறை. மரியா மாண்டிசோரியே 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கார். முறை அருமையானது. ஆனா, போர்டில் அந்தப் பேர் இருப்பதாலேயே தரமான பயிற்சின்னு அர்த்தம் இல்ல. பல தனியார் நர்சரிகளில் இந்த சர்டிஃபிகேட் உதவலாம். அரசுப் பள்ளி வேலைக்கு டி.எல்.எட்-டுக்கு மாற்று இல்ல.

சம்பளத்தையும் பேசிடுவோம்

மனசுக்குப் பிடிச்ச வேலைதான். பர்ஸுக்கு அவ்வளவு இல்ல. 2025 அங்கன்வாடிப் பணியாளர் அறிவிப்பில் முதல் வருஷத் தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபாய். ப்ளஸ் டூ போதும், உள்ளூர்க்காரரா இருக்கணும். ஆனா, வயது பொதுவாக 25 முதல் 35. அதாவது, 18 வயசில் முடித்துவிட்டு உடனே போக முடியாது. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் 2019-ல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி, யு.கே.ஜி தொடங்கினாங்க. 2022-ல் அங்கே தற்காலிகமாக நியமிக்கப்பட்ட ஆசிரியர்களுக்கு மாசம் 5,000 ரூபாய்தான்.

அதனால், டிப்ளமாவை மட்டும் நம்பாமல் டிகிரியும் கையில் இருக்கட்டும். ஒரே நேரத்தில் ரெண்டு படிப்பு படிக்க 2022-ல் யு.ஜி.சி அனுமதி கொடுத்திருக்கு. குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரி மாதிரி பக்கத்துக் கல்லூரியில் ரெகுலர் டிகிரி, கூடவே தொலைதூர டிப்ளமா. இப்படிப் போனால் பின்னாடி வேற பாதைக்கு மாறவும் வழி இருக்கும்.

சேரும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. 'இந்தப் படிப்புக்கு என்.சி.டி.இ அங்கீகாரம் இருக்கா?' வாய்ப்பேச்சு வேண்டாம், ஆணையைக் காட்டச் சொல்லுங்க. என்.சி.டி.இ இணையதளத்திலும் தேடிப் பாருங்க.

2. 'சர்டிஃபிகேட் கொடுக்கிறது யாரு?' அரசுத் தேர்வுத்துறையா, பல்கலைக்கழகமா, அவங்களேவா?

3. 'நிஜக் குழந்தைகளோடு எத்தனை நாள் பயிற்சி?' சார்ட் ஒட்டுறது மட்டும்தான் பயிற்சின்னா, யோசிங்க.

4. 'பாதியில் நின்னா ஃபீஸ் திரும்பக் கிடைக்குமா?' ஒரிஜினல் மார்க் ஷீட்டை அங்கேயே விட்டுட்டு வராதீங்க.

கடைசியா ஒரு சின்ன டெஸ்ட்

அனுமதி வாங்கிட்டு, உங்க தெரு அங்கன்வாடியில் நாலு நாள் காலையில் போய் உட்காருங்க. ஒரு பிள்ளை அழும், ஒண்ணு புளியங்கொட்டையை மூக்கில் வைக்கும், இன்னொண்ணு சொன்ன கதையையே பத்தாவது தடவை கேட்கும். அந்தப் புளியங்கொட்டையை வாங்கி, 'வா, எத்தனை இருக்குன்னு எண்ணுவோம்'னு உங்களுக்குச் சொல்லத் தோணுச்சா? அஞ்சாம் நாளும் போகணும்போல இருக்கா?

அப்போ தாராளமா அப்ளிகேஷன் வாங்குங்க, டீச்சர்!