களப்பும் கல்வீதியும்: வலிகாமம் மேற்கின் போக்குவரத்து பற்றிச் சில குறிப்புகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மட்டும் ஓடி அராலியருகே கடலோடு கலக்கும் வழுக்கியாற்றை விட்டால், எஞ்சுவது சுண்ணக்கல்லும் மணலும் கிணற்று நீருமே. எனினும் பெருநிலப் பரப்பினின்றும் இதனைப் பிரித்து நிற்பது ஆழமற்ற களப்பு. பிற்காலத்தார் இக்களப்பைத் தடையென்று கருதினர். முன்னோர்க்கோ அதுவே பாதை. அராலித்துறை, ஊர்காவற்றுறை முதலிய பெயர்கள் இதற்குச் சான்று பகரும். வன்னியிற் பிடித்த யானைகள் களப்பைக் கடந்து குடாநாட்டினுள் கொண்டுவரப்பட்டமையாலேயே ஆனையிறவு அப்பெயர் பெற்றது. காரைதீவுக்கும் வேலணைக்கும் இடையே கடல் நடுவிலமைந்த கோட்டையை ஒல்லாந்தர் பேணியதும் நீர்வழியைக் காக்கும் பொருட்டன்றி வேறில்லை.

ஆங்கிலேயர் காலத்திலேயே தரைவழி மேலோங்கிற்று. 1829 முதல் 1867 வரை வடமாகாணத்தை ஆண்ட அரசாங்க அதிபர் டைக் துரையின் காலம் இம்மாற்றத்தில் முக்கியமானது. வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்ட செமினரியின் மாணவர் பலர் கால்நடையாகவோ மாட்டுவண்டியிலோ வந்தவர்களே. யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு ஏறத்தாழ 7 மைல். இன்று அத்தூரத்தை எவரும் பயணமென்று சொல்லார்.

பின்னர் பொன்னாலைக்கும் காரைதீவுக்கும் இடையே களப்பின் குறுக்கே தாம்போதி எழுந்தது. காரைநகர் எனப் பின்னாளிற் பெயர் பெற்ற அத்தீவு, அதன்பின் தோணியை எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆயினும் தாம்போதி மக்களை இணைக்கும் அதே வேளையில் நீரைப் பிரிக்கின்றது. ஆனையிறவில் வீதிக்கும் இருப்புப்பாதைக்குமாக இட்ட அணை, ஒரே நீர்ப்பரப்பாய்க் கிடந்த களப்பைக் கிழக்கு மேற்காகத் துண்டித்ததை நாம் அதிகம் பேசுவதில்லை.

புகையிரதம் வந்த கதை வேறு. காங்கேசன்துறைப் பக்கத்தில் 1902இல் தொடங்கிய சேவை, 1905இல் தெற்குப் பாதையுடன் இணைந்து கொழும்பை எட்டிற்று. பாதை கோண்டாவில், சுன்னாகம், தெல்லிப்பழை வழியே சென்றது. வலிகாமம் மேற்கு விடுபட்டது. கொழும்பில் உத்தியோகம் பார்த்த வட்டுக்கோட்டையார் முதலில் வண்டியிலும் பின்னர் பேருந்திலும் பட்டினஞ் சென்றே புகையிரதமேற நேர்ந்தது. புகையிரதத்தோடு ஊர்காவற்றுறை போன்ற பழந்துறைகளின் செல்வாக்கும் தேய்ந்தது என்பதே எமது கருத்து. துறைகள் கடலால் அழியவில்லை; வழி மாறியதால் வெறிச்சோடின.

இக்கருத்துக்கு மறுதலையான சோதனையை 1990 தந்தது. அவ்வாண்டில் யாழ் புகையிரதம் நின்றது. ஆனையிறவுப் பாதை அடைபட்டது. மக்கள் மீண்டும் களப்பையே நாடினர். கிளாலியில் இரவிருளில், படகுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றாற் பிணைத்துக் கடந்தனர். 1993இல் அப்படகுகள் தாக்கப்பட்டுப் பலர் மாண்டனர். முன்னோர் துணிந்து சென்ற அதே ஆழமற்ற நீர்தான். ஆனால் இம்முறை அது தெரிவாக அமைந்த பாதையன்று. 2006 ஆகஸ்டில் தரைவழி மறுபடியும் மூடப்பட்டது. அரிசியும் மருந்தும் கப்பலை எதிர்பார்த்திருந்தன.

சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் 2014 ஒக்டோபரில் மீண்டது. காங்கேசன்துறையை 2015 ஜனவரியில் அடைந்தது. வலிகாமம் மேற்கினூடாக அது இன்றும் செல்வதில்லை.