பெட்டிக்கு ஒரு பங்கு

ஓசூர் பக்கம் நான் வாசித்த ஆர்கெஸ்ட்ராக்களில் கச்சேரி முடிந்ததும் பணம் பிரிப்பதற்கு ஒரு கணக்கு இருந்தது. பாடுகிறவருக்கு ஒரு பங்கு, தபேலாவுக்கு ஒரு பங்கு, கிதாருக்கு ஒரு பங்கு. கீபோர்டுக்கு மட்டும் இரண்டு: வாசிக்கிற ஆளுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று. பெட்டி யாருடையதோ அவருக்குத்தான் அந்த இரண்டாவது பங்கு. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் டூல்ரூமில் வேலை பார்த்துக்கொண்டே வாசித்தவன் நான். முதலில் கடன் வாங்கிய பெட்டியில் ஒற்றைப் பங்குக்கும், பிறகு சொந்தப் பெட்டியில் இரட்டைப் பங்குக்கும் வாசித்திருக்கிறேன். ஆர்மோனியக் காலத்தில் பெட்டிக்கென்று யாரும் தனியாகப் பங்கு கேட்டதில்லை. அது எப்போது வந்தது என்று யோசித்தால், சென்னை ஸ்டூடியோக்களில் கீபோர்டு நாற்காலியில் ஒருவருக்குப் பின் ஒருவராக உட்கார்ந்தவர்களின் கதைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஓசூரில் இத்தனை ஆர்கெஸ்ட்ரா எப்படி முளைத்தது என்று சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் சிப்காட் வந்தது. 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும், 1987-ல் டைட்டன் கடிகாரமும். மதுரை, நெல்லை, சேலம், கேரளம் என்று எங்கெங்கிருந்தோ ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் வந்து இறங்கினார்கள். கையில் மாதச் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு, பக்கத்தில் சொந்தபந்தம் யாரும் இல்லை. ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் மேடை போட்டார்கள். பங்குனியில் சந்திரசூடேஸ்வரர் தேர். சுற்றிலும் மத்திகிரி, பாகலூர், தேன்கனிக்கோட்டை என்று ஊர்த் திருவிழாக்கள். ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகம். அங்கே கணபதி பண்டிகை ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஓடும். இங்கே தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் என்பதால் ஒரே மேடையில் மூன்று மொழிப் பாட்டும் வேண்டும். மொழிக்கு ஒரு பாடகரை வைத்துக்கொள்ளலாம். கீபோர்டுக்காரன் ஒருவன் போதும்.

எங்களுக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் விசைப்பலகை என்றால் அது கூத்துக்காரர்களின் ஆர்மோனியம். இரவு முழுக்க ஒரு கையால் துருத்தி, ஒரு கையால் வாசிப்பு. அந்த ஆர்மோனியத்தை 1940-ல் அகில இந்திய வானொலி விலக்கி வைத்தது. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே வழுக்கிப் போக அதற்கு வராது, கமகம் பேசாது என்பது குற்றச்சாட்டு. 1971-ல்தான் தடை தளர்ந்தது. ரேடியோவில் இடம் கிடைக்காத அந்தக் காலம் முழுக்க சினிமாவும் நாடகமும் கூத்தும் அதைக் கைவிடவில்லை. எம்.எஸ்.விஸ்வநாதன் கடைசி வரை மெட்டுப் போட்டது ஆர்மோனியத்தில்தான்.

ஆனால் எம்.எஸ்.வி.யின் பாட்டில் காதுக்குத் தனியாகத் தெரிந்தது அக்கார்டியன். வாசித்தவர் மங்களமூர்த்தி. அறுபதுகளின் பாடல்களில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே மூச்சு இழுத்துவிடுகிற மாதிரி வருமே, அது அவர் கை. அக்கார்டியனில் துருத்தியை இழுக்கும் வேகத்திலேயே சத்தம் கூடும், குறையும். அதனால் அது விரல்களோடு சேர்ந்து தோளும் வாசிக்கிற வாத்தியம். எங்கள் ஊர் மூத்த ஆர்மோனியக்காரர்கள் அந்த பிட்டுகளைத் துருத்தியை அழுத்திப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஒப்பேற்றுவார்கள். ஓரளவு வரும். பயிற்சி இருந்தால் போதும், பணம் தேவையில்லை. இது முக்கியம்; பின்னால் இதற்கு வருகிறேன்.

அடுத்து அந்த நாற்காலிக்கு வந்தவர்களில் ஒருவர் இளையராஜா. அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவில் ஊர் ஊராக ஆர்மோனியம் வாசித்த கை அது. சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்துக்கொண்டே கிதாரும் ஆர்கனும் வாசிக்கப் போனார். சலில் சௌத்ரிக்கு வாசித்தார். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். வெங்கடேஷ் பெரும்பாலும் கன்னடப் படக்காரர். 1976-ல் ‘அன்னக்கிளி’ வருவதற்கு முன்பே ராஜாவின் வேலை கன்னடப் படங்களில் கலந்திருந்தது என்பதைச் சென்னையில் இருப்பவர்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எல்லையில் இருக்கிற எங்களுக்கு அது சோறு போட்ட விஷயம். பிறகு அவரே இசையமைத்த ‘கீதா’வும் (1981) ‘பல்லவி அனு பல்லவி’யும் (1983) பெங்களூர் மேடைகளில் தவறாமல் கேட்கப்பட்டன. ராஜா பிட்டு வாசிக்கத் தெரிந்த ஓசூர்ப் பையனுக்கு அங்கே கிராக்கி.

ராஜா இசையமைப்பாளர் ஆனதும் அவருடைய குழுவில் அந்த இடத்தில் நெடுங்காலம் இருந்தவர் விஜி மேனுவல். மேற்கத்திய பியானோவில் ஊறிய கை. ராஜாவின் முறை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். வாத்தியத்தைத் தொடாமல் தாளில் எழுதிவிடுவார். வயலினுக்கு இது, புல்லாங்குழலுக்கு இது, கீபோர்டுக்கு இது என்று ஒவ்வொரு சுரமும் எழுத்தில் இருக்கும். வாசிப்பவர் தன் பகுதியைப் பிரதி எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். அப்படியானால் யார் உட்கார்ந்தாலும் ஒன்றுதானே? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். கேசட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டபோதுதான் புரிந்தது. எழுதிய சுரம் ஒன்றுதான். ஆனால் அதை எவ்வளவு அழுத்துவது, எந்த இடத்தில் கையை எடுப்பது, பல சுரம் சேர்ந்த கார்டை மொத்தமாக அடிப்பதா, கீழிருந்து மேலாக உதிர்ப்பதா என்பதெல்லாம் தாளில் முழுக்க வராது. விஜி மேனுவலின் கார்டு விழுந்த பிறகு ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அடுத்த சுரம் அவசரப்படாமல் வந்து உட்காரும். நாங்கள் மேடையில் அந்த இடைவெளியைத்தான் கோட்டைவிடுவோம். பதற்றத்தில் நிரப்பிவிடுவோம்.

இதை எனக்கு உறைக்க வைத்தது ஓர் அமெரிக்கக் குழு. பெங்களூரில் ராக் வாசித்த ஒரு கிதார்க்காரர் கிரேட்ஃபுல் டெட் குழுவின் கச்சேரி கேசட்டுகளைக் கொடுத்தார். 1965 முதல் 1995 வரை முப்பது வருடம் ஓடிய குழு. ரசிகர்கள் கச்சேரியைப் பதிவு செய்துகொள்ள அவர்களே இடம் கொடுத்ததால் வருடவாரியாகக் கேட்டு ஒப்பிடலாம். அங்கே கிதார்க்காரர் ஜெர்ரி கார்சியா மாறவே இல்லை. கீபோர்டுக்காரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். முதலில் பிக்பென், புளூஸ் ஆர்கன். கூடவே கொஞ்ச காலம் டாம் கான்ஸ்டன்டன், நவீன சாஸ்திரிய இசை படித்தவர். 1971-ல் கீத் காட்ஷோ வந்ததும் எல்லாம் பியானோ, நீரோட்டமாகப் போகும். 1979-ல் பிரென்ட் மிட்லண்ட், ஹாமண்ட் ஆர்கனும் சிந்தசைசரும், கூடவே உச்சக் குரலில் பாட்டும். அவர் 1990-ல் இறந்ததும் வின்ஸ் வெல்னிக், ஓரிரு ஆண்டுகள் அவரோடு பியானோவில் புரூஸ் ஹார்ன்ஸ்பி. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் பிக்பென் 27 வயதில், காட்ஷோ 32-ல், மிட்லண்ட் 37-ல் போய்விட்டார்கள்.

ஒரே பாட்டு, ஆளுக்கு ஒரு விதம். அங்கே எழுதி வைத்த தாள் இல்லை. மேடையில் அவ்வப்போது பிறப்பதுதான் இசை. ஆள் மாறினால் குழுவே வேறு திசையில் போகிறது. ராஜாவின் குழுவில் ஆள் மாறினாலும் பாட்டு திசை மாறாது, தாள் பிடித்து நிறுத்திவிடும். மாறுவது தொடுகையும் டோனும்தான். அந்த டோன் என்கிற கதவு வழியாகத்தான் அடுத்த ஆள் உள்ளே வந்தார்.

அவர் பெயர் அப்போது திலீப். மலையாளப் படங்களுக்கு வேலை செய்த ஆர்.கே.சேகரின் மகன். தந்தை 1976-ல் இறந்தபோது ஒன்பது வயது. வீட்டிலிருந்த இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. பெட்டிக்குத் தனிப் பங்கு என்ற கணக்கு அந்த வீட்டில்தான் தெளிவாகத் தெரிகிறது: வாசிக்கிற ஆள் இல்லை, பெட்டி சம்பாதிக்கிறது. பதினோரு வயதில் பையனே ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசிக்கப் போனான். தன்ராஜ் மாஸ்டரிடம்தான் அவனுக்கும் பாடம். எம்.எஸ்.வி., ரமேஷ் நாயுடு, ராஜ்-கோட்டி என்று எல்லோருக்கும் வாசித்தான். இந்தப் பட்டியலில் விஜயபாஸ்கரும் ஹம்சலேகாவும் உண்டு. இருவரும் கன்னடத்தில் கோலோச்சியவர்கள். ஆக, ராஜாவும் சரி, பின்னால் ஏ.ஆர்.ரஹ்மான் ஆன திலீப்பும் சரி, இசையமைப்பாளர் ஆவதற்கு முன் கன்னடக்காரர்களுக்கு வாசித்தவர்கள்.

திலீப் கொண்டுவந்தது வேறு வகை வேலை. 1983-ல் யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் வந்தது. அதே வருடம் மிடி என்ற பொது ஏற்பாடும் வந்தது. ஒரு கம்பெனி கீபோர்டு இன்னொரு கம்பெனி பெட்டியோடு பேச ஆரம்பித்தது. 1986-ல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் ராஜா சீக்வென்சரைப் பயன்படுத்தியபோது அந்த வேலையைப் பார்த்தவர் திலீப். வாசிப்பதை முன்கூட்டியே அடுக்கி வைத்துவிடலாம். பிறகு மெஷின் பிசகாமல் திருப்பிச் சொல்லும். விஜி மேனுவல் கையால் செய்ததை இவர் காதால் செய்தார் என்று சொல்வேன். எந்த டோன், அதற்குள் எவ்வளவு எதிரொலி, எதன்மேல் எதை ஏற்றுவது என்பதுதான் வாசிப்பு. நண்பர்களோடு ரூட்ஸ் குழுவும், நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவும் அந்த நாட்களில்தான். 1992-ல் ‘ரோஜா’ வந்தபோது கீபோர்டு, குழுவில் ஒரு வாத்தியமாக இருந்தது போய், குழுவே கீபோர்டுக்குள் போய்விட்டது.

ஓசூரில் எங்களுக்கு இடி விழுந்தது அப்போதுதான். அதுவரை என் கையில் இருந்தது பர்மா பஜாரில் வாங்கிய சின்ன காசியோ. இடது கையில் ஸ்டிரிங்ஸ், வலது கையில் அருண்மொழியின் புல்லாங்குழல் பிட்டு, நடுவில் வி.எஸ்.நரசிம்மனின் வயலின் வந்தால் அரை நொடியில் பட்டனைத் தட்டி டோன் மாற்ற வேண்டும். தட்டத் தவறினால் வயலின் பிட்டு புல்லாங்குழலில் போகும். ஆனாலும் ராஜா பாட்டு ஏழைப் பெட்டியிலும் நிற்கும், ஏனென்றால் அதன் உயிர் சுரத்தில் இருக்கிறது. ரோஜா பாட்டின் உயிர் பாதி டோனில். அந்த டோன் இல்லாத பெட்டியில் எவ்வளவு சரியாக வாசித்தாலும் ஜனங்கள் முகம் மாறாது. அதன் பிறகு போட்டி விரல்களுக்கு இடையே இல்லை, பணத்துக்கு இடையே. யாரிடம் யமஹா, யாரிடம் ரோலண்டு எக்ஸ்பி என்று பார்த்துத்தான் கமிட்டிக்காரர்கள் அட்வான்ஸ் கொடுத்தார்கள். பெட்டிக்கு ஒரு பங்கு எங்களிடம் சட்டமானது அப்படித்தான். எனக்கு இதில் பெருமை ஒன்றும் கிடையாது. நன்றாக வாசித்த இரண்டு பேர் பெட்டி வாங்க முடியாமல் மேடையை விட்டே போனார்கள்.

இழந்தது மட்டும்தான் என்றும் சொல்ல மாட்டேன். சூளகிரிப் பக்கம் ஒரு கச்சேரிக்கு முன்னால் கூத்தில் ஆர்மோனியம் வாசித்த பெரியவர் ஒருவர் மேடைக்கு வந்து என் கீபோர்டின் இடது ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“தம்பி, இந்தச் சக்கரம் எதுக்கு?”

“பிட்ச் பென்ட் தாத்தா. சுரத்தை வழுக்க வைக்கும்.” நாதஸ்வர டோனில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மெல்ல உருட்டிக் காட்டினேன்.

அவரே ஒரு முறை உருட்டிப் பார்த்தார். “அப்போ கமகம் இல்லேன்னு ரேடியோக்காரன் இனிமே நம்மளத் திட்ட முடியாது” என்று சொல்லிவிட்டு, “ட்ரான்ஸ்போஸ்னு ஒண்ணு இருக்காமே, அதை மட்டும் தொடாதே” என்றார்.

அவர் சொன்னது சரி. பாடகர் ஒன்றரைக் கட்டை, பாடகி ஐந்தரைக் கட்டை என்று மாறும்போது ஆர்மோனியக்காரர் விரல் வரிசையையே மாற்றிப் பிடிக்க வேண்டும். சுருதியைத் தானே மாற்றிவிடும் ட்ரான்ஸ்போஸ் பட்டன் வந்ததும் எல்லாப் பாட்டையும் சி ஸ்கேலிலேயே வாசிக்கிற ஒரு தலைமுறை வந்துவிட்டது. பட்டன் கெட்டால் கச்சேரி நிற்கும்.

பெட்டிக்கு மொழி கிடையாது, ஆனால் அது ஏறிப் போகிற வேனுக்கு நம்பர் பிளேட் உண்டு. 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்புக்காகப் பெங்களூரில் கலவரம் நடந்தபோது ஜூஜூவாடி செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் கச்சேரிகள் ரத்தாயின. 2000 ஜூலை 30-ல் வீரப்பன் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்தினான். 108 நாள் கழித்துத்தான் அவர் திரும்பினார். அந்த வருடக் கணபதி சீசன் முழுக்க அதற்குள் போயிற்று. ராஜ்குமார் பாட்டை வருடக்கணக்கில் வாசித்துச் சம்பாதித்த தமிழ்நாட்டுப் பையன்கள் அந்த மாதங்களில் ஓசூரிலேயே முடங்கிக் கிடந்தோம்.

இப்போது பாதிக் கச்சேரி பென்டிரைவில் ஓடுகிறது. ட்ராக்கைப் போட்டுவிட்டு அதன்மேல் பாடுகிறார்கள். கீபோர்டுக்காரர் நின்றுகொண்டு ஒன்றிரண்டு பிட்டு வாசிக்கிறார். பெட்டிக்குப் பங்கு போய்விட்டது, ஆளுக்கான பங்கும் தேய்கிறது. 2025 மார்ச் 8-ல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு ராஜாவின் சிம்பொனியை வாசித்தது. ராஜா பாட்டுகள் பதிவான பிரசாத் ஸ்டூடியோவையே பார்த்திராதவர்கள் தாளைப் பார்த்து வாசித்தார்கள். எழுதியது நிற்கிறது. நாங்கள் காதால் பிடித்து வாசித்தது எதுவும் எழுத்தில் இல்லை.

எண்பதுகளின் கேசட் உறைகளில் விஜி மேனுவலின் பெயரோ மங்களமூர்த்தியின் பெயரோ தேடினாலும் கிடைப்பது அரிது. வாசித்தவர்களின் பெயரை உறையில் அச்சிடுவதை வழக்கமாக்கியவர் ரஹ்மான். பெயரில்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவருக்குத்தான் அது தோன்றும். அவர் அமைத்த டோன்களால் எங்கள் பிழைப்பு கடினமானது உண்மை. இந்த ஒன்றுக்காக அவருக்கு நான் கடன்பட்டவன். எங்கள் மேடைகளில் இடைவேளைக்கு முன் அறிவிப்பாளர் “கீபோர்டில்...” என்று இழுத்து ஊரையும் பெயரையும் சொல்வார், கூட்டம் கைதட்டும். பங்கு ஒன்றோ இரண்டோ, அந்தக் கைதட்டல் பெட்டிக்கு வந்ததில்லை, ஆளுக்குத்தான் வந்தது.