சோறிட்டவர் பெயர்: வேதாரண்ய யாத்திரையும் நினைவுகூர்தலின் அளவுகோலும்

1930 ஏப்ரலில், தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர் ஜே. ஏ. தார்ன் ஓர் எச்சரிக்கை விடுத்தார். உப்புச் சட்டத்தை மீற வேதாரண்யம் நோக்கி வரும் தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுப்பவர்கள், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 157-ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறை செல்ல நேரும் என்பது அதன் சாரம். துண்டறிக்கைகள் அச்சாயின. ஊர் ஊராகத் தமுக்கடித்தார்கள். நடப்பவர்களைக் கைது செய்தால் கூட்டம் பெருகும். பட்டினி போட்டால் தானாகவே கலையும் என்பது ஆட்சியரின் கணக்கு.

வேதாரண்ய உப்புச் சத்தியாக்கிரகம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை வேறு. ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜனின் வீட்டிலிருந்து ராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ 100 பேர் புறப்பட்டது, நாமக்கல் கவிஞரின் வழிநடைப் பாட்டு, சர்தார் வேதரத்தினம் பிள்ளையின் ஊரில் ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளியது, ராஜாஜியின் கைது ஆகியவையே அவை. பாடநூலில் உள்ளது இதுதான். ஆண்டுதோறும் ஏப்ரலில் நடக்கும் நினைவு யாத்திரை திரும்பச் செய்து காட்டுவதும் இதைத்தான். இதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் தார்னின் ஆணையை நடுவில் வைத்துப் பார்த்தால் போராட்டத்தின் உருவமே மாறிவிடுகிறது. உப்பைத் தொடுவதற்கு இரண்டு வாரம் முன்பே தஞ்சை மண்ணில் சட்டமீறல் தொடங்கிவிட்டது. அதைச் செய்தவர்கள் நடந்தவர்கள் அல்லர், நடந்தவர்களுக்குச் சோறிட்டவர்கள். அவர்களைக் காணும் கண் நம் நினைவுகூர்தல் முறைகளுக்கு இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஓர் எளிய கணக்கு போட்டுப் பார்க்கலாம். தொண்டர்கள் 100 பேர். திருச்சியிலிருந்து வேதாரண்யம் ஏறத்தாழ 150 மைல். ஏப்ரல் 28 அன்று போய்ச் சேரும்வரை சுமார் 15 நாள் நடை. நாளுக்கு இரண்டு வேளை என்று கொண்டால் ஏறத்தாழ 3000 சாப்பாடு. வழி பெரும்பாலும் தஞ்சை மாவட்டத்துக்குள்ளேயே சென்றது: திருக்காட்டுப்பள்ளி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி. ஆகவே இந்தச் சாப்பாட்டில் மிகப் பெரும்பகுதி, தடையைத் தெரிந்துகொண்டே ஒருவர் ஆக்கி, இன்னொருவர் சுமந்து, மற்றொருவர் பரிமாறியதாகத்தான் இருக்க முடியும். கும்பகோணத்தில் வீட்டுக்கு அழைத்து விருந்திட்ட பந்துலு ஐயர் பிடிபட்டார். ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. திருத்துறைப்பூண்டியில் இடம் கொடுத்த இராமச்சந்திர நாயுடுவின் பெயரும் இருக்கிறது. மற்றவர்கள் யார்?

சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டதையும், ஆற்றங்கரையில் சோற்றுப் பாத்திரங்களைப் புதைத்துவைத்துச் சாடைகாட்டிச் சொன்னதையும் இன்றளவும் சொல்கிறார்கள். சொல்லிச் சொல்லி இக்கதைகள் சற்று மெருகேறியிருக்கலாம். ஆனால் யாத்திரை கலையவில்லை என்பது மெருகு அல்ல. நூறு பேரும் பசியால் திரும்பிப் போகவில்லை, சோறு வந்திருக்கிறது.

இங்கேதான் ஆய்வாளருக்கு ஓர் இடர்ப்பாடு வருகிறது. பிடிபட்டவரைப் பற்றிக் காவல்துறைக் குறிப்பு இருக்கும், நீதிமன்றத் தீர்ப்பு இருக்கும், சிறைப் பதிவேட்டில் ஒரு வரி இருக்கும். புளியமரத்துக் கிளையில் பொட்டலத்தைக் கட்டிவிட்டு விடிவதற்குள் வீடு திரும்பியவரைப் பற்றி எதுவும் இராது. இருக்கக் கூடாது என்பதுதான் அவருடைய முயற்சியே. தடயமில்லாமல் முடிந்தால்தான் அவர் செய்தது முழுதாய் நிறைவேறும். ஆகவே ஆவணத்தை மட்டும் நம்பி எழுதும் வரலாறு, இந்த வகை எதிர்ப்பில் தோற்றவர்களையே குறித்துவைக்கிறது, வென்றவர்களைத் தவறவிடுகிறது.

விடுதலைக்குப் பின் அரசு அமைத்துக்கொண்ட அளவுகோலும் இதே பதிவேடுகளின் மேல் எழுந்ததுதான். விடுதலையின் வெள்ளி விழா ஆண்டான 1972-இல் மைய அரசு தியாகிகளுக்கு ஓய்வூதியம் அறிவித்தது. 1980-இல் அத்திட்டம் விரிவாக்கப்பட்டது. தகுதிக்கான முதன்மை அளவு ஆறு மாதச் சிறைவாசம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் மூன்று மாதம். தலைமறைவு, சொத்துப் பறிமுதல் போன்றவற்றுக்கும் இடம் தரப்பட்டது. பொதுப் பணத்தைக் கொடுக்கும் அரசு சான்று கேட்பது நியாயமே. அதைக் குறை சொல்வதற்கில்லை. போலிகள் நுழைந்துவிடுவார்கள் என்ற அச்சமும் பொய்யல்ல. குறை நம்மிடம் இருக்கிறது. உதவித்தொகைக்காக வகுத்த தகுதியை நாம் வரலாற்றுக்கும் தகுதியாக்கிவிட்டோம். தியாகி என்றால் சிறை சென்றவர் என்று மொழியே பழகிப்போய்விட்டது.

ஒரு மறுப்பு எழலாம். சோறிடுவது காவிரிப் படுகையின் பழைய வழக்கம். சேது யாத்திரை போவோருக்காக மராட்டிய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டிவைத்த நாடு அது. மணிமேகலை கையில் அமுதசுரபியைக் கொடுத்த இலக்கிய மரபு அதனுடையது. வழிப்போக்கருக்குச் சோறிட்டதை அரசியல் என்று சொல்வது மிகையல்லவா? தமுக்கு ஒலிக்கும்வரை அந்த மறுப்பு சரிதான். ஒலித்த பிறகு இல்லை. நேற்றுவரை அறமாக இருந்ததை இன்று குற்றமென்று அறிவித்தது அரசு. அதன்பின் இலையைப் போடுவதா, கதவைச் சாத்துவதா என்று ஒவ்வொரு வீடும் முடிவெடுத்தாக வேண்டியிருந்தது. பொட்டலத்தை ஒளித்துவைத்த கைக்கு, தான் என்ன செய்கிறோம் என்பது தெரியும். தெரியாதவருக்கு ஒளிக்க வேண்டிய தேவையே இல்லை. உப்பின் மீதான வரி ஏழையின் வயிற்றைத் தொட்டது என்று காந்தி காட்டினார். சோற்றின் மீதான தடை தஞ்சைக் குடியானவனின் மானத்தைத் தொட்டது என்பதைத் தார்னே அறியாமல் காட்டிக்கொடுத்துவிட்டார்.

இன்னொரு கேள்வியை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. சோறிட முடிந்தவர்கள் சோறு இருந்தவர்கள்தாமே? மிராசுதாரின் நிலத்தில் உழைத்த பண்ணையாளின் குடிசையில் நூறு பேருக்கு எங்கிருந்து அரிசி வரும்? அன்னதானத்தைப் புகழும்போது, அந்த அன்னத்தை விளைவித்தவரையும் பந்திக்கு வெளியே நிறுத்தப்பட்டவரையும் மறந்துவிடும் ஆபத்து உண்டு. ராஜாஜி இதை உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகிறது. தீண்டாமை ஒழிப்பை அவர் வழியெங்கும் பேசினார், தாழ்த்தப்பட்டோருக்குக் கதவடைத்த கோயில்களுக்குள் செல்ல மறுத்தார். இருந்தும், விறகு பிளந்து, தண்ணீர் சுமந்து, அண்டா ஏற்றியவர்கள் எந்தச் சேரியிலிருந்து, எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பது பதிவாகவில்லை. பெண்களின் நிலையும் இதுவே. உப்புப் போரில் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதியை நாம் அறிவோம். 3000 சாப்பாட்டையும் அடுப்படியில் நின்று ஆக்கிய பெண்களில் ஒருவரைக்கூட அறியோம்.

இந்த விடுபடலுக்கு வேதாரண்யமே ஒரு விதிவிலக்கையும் தந்திருக்கிறது. அவ்வூர் நாவிதர் வைரப்பன் ஒரு காவலருக்குச் சவரம் செய்யத் தொடங்கி, அவர் யாரென்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியை வைத்துவிட்டார். வழக்கு வந்தபோதும் பணியாமல் சிறை சென்றார் என்பது ஊர் போற்றும் செய்தி. அவருக்கு அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. தன் தொழிலையே ஆயுதமாக்கிய ஓர் எளிய மனிதனுக்கு எழுந்த அந்தத் தூண், என் பார்வையில், பல வெண்கலச் சிலைகளைவிட உயர்ந்தது. ஆனால் அவரும் பிடிபட்டதால்தான் நமக்குத் தெரியவந்தார்.

அப்படியானால் பெயரில்லாதவர்களை எப்படி நினைவுகூர்வது? பொதுவாக ஒரு தூணை நட்டு, அறியப்படாத தியாகிகளுக்கு என்று எழுதிவைப்பது எளிது; அதில் தேடும் உழைப்பு இல்லை. நினைவு யாத்திரை நடக்கும் அதே வழியில், ஊர் ஊராக நின்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் யார் ஆக்கினார்கள், எந்தத் திண்ணையில் படுத்தார்கள், எந்த மரம் என்று கேட்க வேண்டும். 1930-ஐக் கண்டவர்கள் அனேகமாக இன்றில்லை. பாட்டி சொன்னதாகப் பேரன் சொல்வதுதான் கிடைக்கும். அது நீதிமன்றத்தில் நிற்காது. வரலாற்றில் நிற்கும், எந்த வாய்வழிச் செய்தியையும் போல மற்றொன்றோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தால். இரண்டு ஊர்க்காரர்கள் தனித்தனியே ஒரே மரத்தைச் சொன்னால் அதுவே போதுமான தொடக்கம்.

அரசு ஆவணத்திலும் அவர்கள் முற்றிலும் இல்லாமல் போய்விடவில்லை. அரசின் மீது மக்களுக்கு ஆழ்ந்த பற்று என்று ஒன்று எப்போதேனும் இருந்திருந்தால் அது இப்போது மறைந்துவிட்டது என்ற பொருளில், தார்ன் தன் மேலிடத்துக்கு எழுதினார். நூறு தொண்டர்களைப் பார்த்து மட்டும் ஓர் ஆட்சியர் அப்படி எழுதியிருக்க மாட்டார். தமுக்கடித்த பிறகும் சாலையோரத்தில் சோறு காத்திருந்ததைப் பார்த்துத்தான் எழுதினார். அந்த வாக்கியத்தில் ஒரு பெயரும் இல்லை. ஆனால் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து திருத்துறைப்பூண்டி வரை அடுப்பு மூட்டிய வீடுகள் அனைத்தும் அதற்குள் இருக்கின்றன.